மூன்றாம் மாடியில் இறங்கிய விடுமுறை

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஒரே அண்ணன், தெளிந்த மனதோடும் சற்று வீங்கிய முழங்காலோடும் எழுதுவது. இங்கே பிள்ளைகள், உன் அண்ணி, நான் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்பது என் கணிப்பு. என் கணிப்பு தப்பியதாகச் சரித்திரமே இல்லை. இப்போது நடந்திருப்பது அத்தனையும் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். மூன்று மாத ஒப்பந்தத்தில் அந்த ஆஸ்பத்திரி சலவைக்கூட வேலைக்கு நீ பஸ் ஏறிய அன்றே, ஜன்னலோரம் நின்று, "இந்த லீவுல பெருசா ஒண்ணு நடக்கப் போகுது, பாரு" என்றேனா இல்லையா? இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. டிரைவருக்குக் கேட்டது, அவர் தலையை ஆட்டினார்.

உன் கடிதம் வந்தது. "பெரியவ அழுதாளா அண்ணே? அவங்கப்பா போனதுலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சின்னவன் அழுது அழுது தேறிட்டான். இவ நக்கல் பண்ணிக்கிட்டே திரியறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. லீவு முடியறதுக்குள்ள அழலன்னா, வேலை போனாலும் போகட்டும்னு வந்துடுவேன்" என்று எழுதியிருந்தாய். வராதே. வேலையை விடாதே. அழுதுவிட்டாள். எங்கே, எப்படி, எத்தனை பேர் முன்னிலையில் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் படி.

காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை மேய்க்கும் கோடை முகாம்கள் தெருவுக்கு நாலு முளைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் நான் தலை வைத்தும் படுக்கவில்லை. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான்; ஆனால் அந்தப் பாதியிலேயே மற்றவர்கள் பட்டம் வரை படித்ததைப் படித்துவிட்டேன். ஏழு மாடிக் கட்டடத்தில் முப்பது வருடமாக லிஃப்ட் இயக்குகிறேன், என் கையால் உயராத அதிகாரி அங்கே ஒருத்தர் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு பொழுதுபோக்கு கண்டுபிடிக்க மாட்டேனா? மத்தியானம்தான் எனக்கு ஷிஃப்ட், காலை முழுக்க அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் நீச்சல். நகராட்சிக் குளத்தில் கோடை முழுக்கப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று போட்டிருந்தது. போனால் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. சுத்தம் செய்வதற்காக இறைத்துவிட்டார்கள். இன்னொருத்தனாக இருந்தால் திரும்பியிருப்பான். நான் இருவரையும் ஏணி வழியாக இறக்கி, தரையில் குப்புறப் படுக்கவைத்துக் கைகால் அடிக்கச் சொன்னேன்.

"மாமா, தண்ணி எங்க?" என்றாள் பெரியவள்.

"தண்ணி அப்புறம் வரும். முதல்ல கை பழகணும்."

"அப்போ மூழ்கறதும் அப்புறமா?"

அதற்குள் மேலிருந்து காவல்காரர், "யோவ், அடிச்ச பெயிண்ட் காயலய்யா!" என்று கத்தினார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தபோது உன் அண்ணி, "பிள்ளைங்கள நீங்க பாத்துக்கறீங்களா, இல்ல பிள்ளைங்க உங்களப் பாத்துக்குதா?" என்று கேட்டாள். பொறாமை. சின்னவன் தொப்புளில் மட்டும் நீலம் இன்னும் போகவில்லை, நீ பயப்படாதே.

அடுத்து தீயணைப்பு நிலையம். கேட்டால் வண்டியைச் சுற்றிக் காட்டுவார்கள், ஏணியில் ஏற்றுவார்கள், எல்லாம் இலவசம். நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஓர் அமைச்சரையும் அவர் குடும்பத்தையும் நான் தனியாளாக மீட்டதை அவர்கள் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அமைச்சரை மீட்கும் கட்டத்தில் மணி அடித்துவிட்டது. அத்தனை பேரும் ஒரே ஓட்டம். நாங்கள் காத்திருந்தோம், வண்டியில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்களே. திரும்பி வந்தபோது அவர்கள் முகமெல்லாம் கரி. ஒருத்தர் படியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பெரியவள் அவர் பக்கத்தில் போய் நின்று, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். அவர் தன் தொப்பியைக் கழற்றிச் சின்னவன் தலையில் வைத்தார். இவள் என் பக்கம் திரும்பி, "சரி மாமா, அடுத்த இலவசம் எங்க?" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த இலவசம்தான் முக்கியம். கடைத்தெருவில் இருக்கும் பெரிய கட்டடத்தில், ஐந்தாம் மாடியில், குழந்தைகளுக்கு மாயாஜாலக் காட்சி. லிஃப்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் நான் பட்டன் பக்கம் நின்று, "எந்த மாடி? எந்த மாடி?" என்று கேட்டு எல்லோருக்கும் அழுத்திக் கொடுத்தேன். மூன்றாம் மாடியில் மொத்தக் கூட்டமும் இறங்கியது. கூட்டம் எந்த மாடியில் இறங்குகிறதோ அந்த மாடியில்தான் விழா. இது முப்பது வருட அனுபவம். "அஞ்சுன்னுதானே போட்டிருந்துச்சு" என்று இழுத்தாள் பெரியவள். "போர்டு எழுதறவன் லிஃப்ட்ல நின்னிருக்கானா?" என்று கேட்டு, இருவரையும் இறக்கி, முன்வரிசையிலேயே உட்காரவைத்தேன்.

நல்ல ஏசி. நல்ல நாற்காலி. குளிர்ந்த தண்ணீர். மேடையில் ஒரு வயதானவரின் படம், பக்கத்தில் பூ. மாயாஜாலக்காரராக்கும் என்று நினைத்தேன். பெரியவள் என் காதோரம் குனிந்து, "மாமா, இவர் மேடைக்கு வருவார்னு எனக்குத் தோணல" என்றாள்.

இரங்கல் கூட்டம் என்று தெரிந்ததுமே எழுந்து போயிருக்கலாம். ஆனால் இறந்தவருடைய மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்றார். கையைப் பிடித்துக் கேட்பவரிடம் மாயாஜாலம் பார்க்க வந்தோம் என்று எப்படிச் சொல்வது? "பாதி வாழ்க்கை அவர்கூடத்தான்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் என் கையில் மைக்.

தங்கச்சி, எனக்கு அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு நன்றாகத் தெரிந்த செத்தவர் ஒருத்தர்தான். அதனால் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினேன். லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது, பிள்ளைகள் ஓடிவரட்டும் என்று தெருமுனையிலேயே இருமத் தொடங்குவார் என்றேன். ஒரு முட்டையை நாலாக வெட்டி, தன் தட்டில் இல்லாதது யாருக்கும் தெரியாதபடி கதை சொல்லிக்கொண்டே இருப்பார் என்றேன். தூங்கினால் ரேடியோவை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்றேன். அந்த அம்மா, இறந்தவருடைய மனைவி, "அவரேதான், அவரேதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் பெரியவள் உடைந்தாள். அழுகையென்றால் சாதாரண அழுகை இல்லை, மண்டபமே அதிர்ந்தது. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, வார்த்தை வராமல், பார்த்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கும்படி ஓர் அழுகை. நான் கல் மாதிரி நின்று தோளில் தட்டிக் கொடுத்தேன். இப்போது தெளிந்துவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஆகவே நீ நிம்மதியாகத் துணி வெளு, ஒப்பந்தம் முடித்து வா.

உன் அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சின்னவன் இந்த மூலையில் ஒரு தீயணைப்பு வண்டி வரைந்திருக்கிறான். சக்கரம் ஏன் மூன்று என்று கேட்காதே. நீ தொட்ட துணியையெல்லாம் கறை விட்டுப் போகட்டும், உன் கை வெடிப்பு ஆறட்டும், மேலாளர் வாய் இனிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்துவிட்டேன். மேலே ஒரே ஓர் இடத்தில் மட்டும் இட்டுக்கட்டிவிட்டேன். அழுதது அவள் இல்லை. நான்.

ரேடியோவைச் சொன்னதும் உடைந்துவிட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், வெட்கமில்லாமல் அழுதேன். அவள்தான் மேடையேறி என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "எங்க மாமாவுக்கு இவர் ரொம்ப வேண்டப்பட்டவர். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அதான் தாங்க முடியல" என்று, நானே சொன்னது போல, ஒரு பிசிறு இல்லாமல் பொய் சொன்னாள். அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணில் ஈரமே இல்லை, தங்கச்சி. கீழே வரும்போது எனக்கு பட்டன் எது என்று தெரியவில்லை, அவள்தான் அழுத்தினாள்.

ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உனக்கு அழுகையே வரலையாடி?"

"அம்மா வரட்டும், மாமா" என்றாள்.

இதற்கு மேல் எதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. கிளம்பி வா.