ஆமிக் கமராவுக்கு அம்மா வைத்த பொட்டு

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பிரெஞ்சுப் புறநகர் ஒபர்வில்லியேயில் ஒரு பெட்டியை எடுத்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஒரு பஸ். ஒரு பெட்டி. ஒரு கையெழுத்து.

இதில் பிழை விட ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருக்கிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது பதினெட்டு. லிசேயை, அதாவது மேல்வகுப்புப் பள்ளியை, இடையில் விட்டுவிட்டேன். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள், அம்மா எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டா. அம்புலன்சில் வேலை செய்யப் படிக்க விருப்பம். அந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடச் சோதனை பாஸ் பண்ணியிருக்கத் தேவையில்லையாம். ஆனால், "இந்தப் பிள்ளை உருப்படியாக ஏதோ செய்தது" என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வேண்டுமாம்.

உருப்படியாக நான் எதுவும் செய்திருக்கவில்லை. அதனால் லா சப்பலில் இருக்கிற ஒரு சின்ன மீட்புத் தொண்டர் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

பன்னிரண்டு சனிக்கிழமைகள். மயங்கினவரைச் சரித்துப் படுக்கவைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, எல்லோரும் உட்கார்ந்து எழும்பின கதிரைகளை அடுக்குவது. முக்கியமாகக் கதிரை அடுக்குவது.

குழுவின் தலைவி மதாம் ஒடில். சிரிக்க மாட்டா. "பன்னிரண்டாவது சனிக்கிழமை முடியட்டும், கடிதம் தருகிறேன்" என்று சொல்லியிருந்தா.

அந்தப் பன்னிரண்டாவது சனிக்கிழமைதான் பெட்டி என் கையில் வந்து சேர்ந்தது.

விசயம் இதுதான். ஆமி தன்னிடம் மிஞ்சிக் கிடக்கிற சாமான்களை எங்களைப் போல ஆபத்துக்கு ஓடுகிற குழுக்களுக்குப் பாவிக்கக் கொடுக்கிறதாம். எங்களுக்கு விழுந்தது ஒரு வெப்பக் கமரா. புகைக்குள்ளே ஆள் கிடந்தால் உடம்புச் சூட்டை வைத்துக் காட்டிக்கொடுக்குமாம். ஆனால் முதலில் ஓர் ஆமி அதிகாரிக்கு முன்னால் அதைப் பாவித்துக் காட்ட வேண்டும்.

மதாம் ஒடில் போனில் சொன்னா: "இரண்டு மணிக்குப் பெட்டி இங்கே இருக்க வேண்டும். திறக்காதே. ஒழுங்காகக் கொண்டுவந்தால் இன்றைக்கே கடிதம்."

"சரி மதாம்."

"என்ன சொன்னேன்?"

"திறக்காதே."

ஒபர்வில்லியே கிடங்கில் ஓர் இளம் ஆமிக்காரன் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினான். பிறகு அவனும் சொன்னான்: "திறக்க வேண்டாம்."

எனக்கு எரிச்சல் வந்தது. நான் என்ன சின்னப் பிள்ளையா?

பெட்டி கடும் பச்சை. மேலே வெள்ளை எழுத்தில் ஆமி இலக்கம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு எழும்பிப் பின்னுக்குப் போனா.

"கமரா மதாம்" என்றேன்.

இன்னும் பின்னுக்குப் போனா!

லா சப்பலில் இறங்கும்போது பன்னிரண்டரை. நேரம் கிடக்கு, பசியும் கிடக்கு. அம்மா வேலை செய்கிற பலசரக்குக் கடை வழியில்தான். ஒரு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன்.

உலகத்தில் எத்தனையோ கடை இருக்க.

கடைக்காரர் குகன் மாமா. எனக்குச் சொந்த மாமா இல்லை, கடைக்கு வருகிற எல்லோருக்கும் மாமா.

"உதென்ன பிள்ளை பெட்டி?"

"கமரா, மாமா."

"ஆற்றை சாமான்?"

"ஆமின்ரை."

கல்லாவில் நின்ற அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்த ஒருவர் அதைத் திருப்பித் தட்டிலேயே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"ஆமியோ!" என்றா அம்மா.

"பிரெஞ்சு ஆமி, அம்மா!"

"எந்த ஆமியெண்டாலும் ஆமிதான். உனக்கு ஏன் தந்தவங்கள்?"

"எனக்கில்லை. சனத்தைக் காப்பாத்திறதுக்கு."

குகன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரிலை ஆமி வந்து என்ரை சைக்கிளைக் கொண்டு போனவன், ரேடியோவைக் கொண்டு போனவன். இஞ்சை ஆமி சாமான் குடுக்கிறானோ? வடிவாக் கேட்டனியே பிள்ளை? திருப்பிக் கேக்க மாட்டானோ?"

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது மாமா."

"சரி, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சால் காட்டன் பாப்பம்."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள ஆள் ரோல்ஸை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் பெட்டியைத் திறந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, சாமான் நல்ல சாமான். திரையில் அம்மா செம்மஞ்சளாக நின்றா. ரோல்ஸ் தட்டு வெள்ளையாக எரிந்தது. மீன் பிரீசர் நீலம். ஆனால் பிரீசர் கதவின் ஓரமெல்லாம் நீலம் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஐயோ, குளிர் முழுக்க வெளியாலை போகுது!" என்று மாமா தலையில் கை வைத்தார். "ஆறு மாசமா மெக்கானிக் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறான்! மற்றப் பிரீசரையும் ஒருக்காப் பிடி பிள்ளை."

முருங்கைக்காய்க்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, எனக்கு இடுப்பு நோ. உதுக்குள்ளை தெரியுமோ?"

"அண்ணை, இது ஆஸ்பத்திரி இல்லை."

"ஒருக்காப் பிடிச்சால் குறைஞ்சே போவீர்?"

பிடித்தேன். இடுப்பு செம்மஞ்சளாக இருந்தது. அவர் திருப்தியாகப் போனார்.

அந்த நேரம் மதாம் ஒடிலின் போன். கடைக்குள் ஒரே சத்தம். கமராவை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"பெட்டி எங்கே?"

"பத்திரமாக இருக்கு, மதாம்."

"திறக்கவில்லையே?"

"நான் பஸ்ஸில் வந்து இறங்கினேன்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

திரும்பி உள்ளே வந்தால் கடை முழுக்கக் கற்பூர வாசம். பெட்டி மூடியிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றா.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. ஆமிச் சாமான். இதாலை ஆற்றை உயிர் போச்சுதோ என்னவோ. சும்மா அப்பிடியே கொண்டு போறதே? மாமாவும் நானும் சாமிக்கு முன்னாலை வைச்சு எடுத்தனாங்கள்."

குகன் மாமா கடையில் இது சட்டம். கல்லாவோ, பிரீசரோ, சாமான் ஏற்றுகிற வானோ, எது புதிதாக வந்தாலும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டாமல் மனுசன் சுவிச் போட மாட்டார்.

பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் "திறக்காதே" என்று சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு மணி. பெட்டியை எங்கள் குழு கூடுகிற மண்டபத்தில் கொடுத்தேன். பின்னறையில் கலியாண வீட்டுக்குப் பாவிக்கிற புகை மெசினைப் போட்டுப் புகை நிரப்பியிருந்தார்கள். உள்ளே எங்கேயோ முசியு ரெனே மயங்கிக் கிடந்தார். எங்கள் குழுவின் மூத்த தொண்டர். மயங்கினவராக நடிக்க அவரை விட்டால் ஆளில்லை. யார் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார். "மயங்கியவன் பதில் சொல்ல மாட்டான்" என்பது அவருடைய கொள்கை.

ஆமி அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மதாம் ஒடில் கமராவைத் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைந்தா. அந்தப் படத்தை நாங்கள் வெளியே பெரிய திரையில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரையின் நடுவில் ஒரு பெரிய மங்கல் வட்டம். அதைச் சுற்றி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம்.

"அது என்ன?" என்றார் அதிகாரி.

நான் மெதுவாக ஒரு கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

மதாம் ஒடில் இடப்பக்கம் திரும்பினா. வட்டமும் திரும்பியது. வலப்பக்கம் திரும்பினா. வட்டமும் கூடவே வந்தது. ஓரத்தில் ஏதோ செம்மஞ்சளாகத் தெரிய, "கிடைத்துவிட்டார்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தா.

சூடாக்கியைக் கட்டிப்பிடித்தா.

அடுத்ததாகக் காப்பாற்றப்பட்டது கோப்பி மெசின்.

பதினைந்து நிமிடம்! அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "உண்மையான தீ என்றால் இவ்வளவுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மதாம் ஒடில் இருமிக்கொண்டு வெளியே வந்தா. என் கடிதம் புகையோடு புகையாகப் போவது எனக்கு எந்தக் கமராவும் இல்லாமலே தெரிந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. புகைக்குள் தலையை நீட்டிக் கத்தினேன்:

"முசியு ரெனே! கோப்பி போடவா?"

மூலையிலிருந்து பதில் வந்தது. "இரண்டு சீனி!"

போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். கொள்கை உடைந்ததில் மனுசனுக்குக் கடும் வெட்கம்.

அதற்குள் அதிகாரி கமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டார். லென்ஸின் சரி நடுவில், ஒரு சதம் நாணயம் அளவுக்குக் குழைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

அம்மாவுக்குப் பொட்டு என்றால் நடுவில்தான். எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவுக்கும் அப்படித்தான்.

"இது என்ன?" அதிகாரி மோந்து பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் சந்தனத்தோடு சம்பந்தப்பட்ட ஆள் நான் ஒருத்திதான்.

கிடங்கிலேயே அப்படி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்து வாங்கிய அந்த இளம் ஆமிக்காரன் மாட்டியிருப்பான். நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவன் என்ன செய்தான், பாவம்? திறக்காதே என்றுதானே சொன்னான்.

"நான்தான் திறந்தேன். கடையில் காட்ட. அம்மா பொட்டு வைத்துவிட்டா."

"ஏன்?"

"பாதுகாப்புக்கு."

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். "அதாவது, கமராவைப் பாதுகாக்க அதன் கண்ணை மூடியிருக்கிறீர்கள்."

"ஓம்" என்றேன். பதற்றத்தில், பிரெஞ்சில் சொல்லவேண்டிய 'ஆம்' தமிழில் வந்துவிட்டது.

லென்ஸைத் துடைத்தார்கள். முசியு ரெனே மறுபடி மயங்கினார், இந்தமுறை கோப்பியைக் குடித்துவிட்டு. எட்டே விநாடியில் திரையில் பொரித்த கோழி மாதிரி மின்னினார். கமரா எங்கள் குழுவுக்கு என்று முடிவானது.

என்னுடைய முடிவுக்காகக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

மதாம் ஒடில் வந்து ஒரு தாளை நீட்டினா. மூன்றே மூன்று வரி.

"பன்னிரண்டு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். கருவி எதையும் இவரிடம் ஒப்படைக்காமல் இருப்பது நல்லது. கருவி இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கிறார்."

"மதாம், அந்த நடு வரி..."

"உண்மைதானே?"

உண்மைதான். என்னத்தைச் சொல்ல.

அம்மாவுக்கு முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் தமிழில் சொன்னேன். அம்மா கண் கலங்கிவிட்டா. "பாத்தியே, எல்லாம் சாமிக்கு முன்னாலை வைச்சு எடுத்ததாலைதான்" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு சாமிப் படத்தடிக்குப் போனா.

திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய்ப் படிப்புக்குப் பதிகிற அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த மனுசி உறையைப் பிரித்து முதல் வரியை வாசித்தா, தலையாட்டினா. கடைசி வரியை வாசித்தா, புருவத்தை உயர்த்தினா. பிறகு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, சரி நடுவில், இரண்டாவது வரி இருக்க வேண்டிய இடத்தில், விரலை வைத்தா.

"இந்த இடத்தில் என்ன இருக்கிறது?"

"சந்தனம், மதாம்" என்றேன்.

பொய் இல்லையே.