நல்லமுத்துவுக்குப் பால் ஆகாது

வாழைப்பழம் தோலை விட மறுத்தது.

சுகுமாரன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், கத்தியால் நெம்பிப் பார்த்தார். நேற்று சாயங்காலம் பிரீசரில் முழுசாகப் போட்ட ஆறு பழங்களும் கறுத்துக் கல்லாகிக் கிடந்தன.

"ஐஸ்கிரீமுக்குன்னா தோலை உரிச்சு, துண்டு போட்டுத்தான் பிரீசர்ல வைக்கணும்னு வீடியோல சொன்னாங்கப்பா," என்றாள் மகள் தனுஜா.

"அத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். 'எனக்குத் தெரியும்லா'ன்னீங்க."

மணி ஒன்று. நான்கு மணிக்குக் கெப்பாலா பத்தாஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தனுஜாவும் லோகேஸ்வரனும் ஒரே தொழிற்சாலையில் மூன்று வருடமாகப் பார்த்துப் பேசிப் பிடித்துப்போனவர்கள். பையனின் அப்பா நல்லமுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. போன மாதம் வந்தவருக்குச் சுகுமாரன் தன் கையாலேயே தே தாரேக், அதாவது நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர், கலக்கிக் கொடுத்தார். இஞ்சி, மிளகு, கிராம்பு, கெட்டிப் பால் எல்லாம் போட்ட சொந்தக் கைப்பக்குவம். அவர் தே கலக்க ஆரம்பித்தாலே மனைவி ஜெகதீஸ்வரிக்குக் கறிவேப்பிலை வாங்கக் கீழே போகும் வேலை வந்துவிடும். நல்லமுத்து ஒரே ஒரு மிடறு குடித்தார். "மன்னிக்கணும் சார், எனக்குப் பால் ஆகாது," என்று கிளாஸைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்றோம் சார்," என்று காரில் ஏறிவிட்டார்.

பெண் வீட்டில் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு, சம்பந்தி என்று கூப்பிட வேண்டிய மனிதர் வார்த்தைக்கு வார்த்தை 'சார்' என்றார். சுகுமாரனுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

"பால் இல்லாம ஒரு கோப்பி ஓ போட்டுக் குடுத்தா முடிஞ்சுது," என்றாள் ஜெகதீஸ்வரி. "இல்லன்னா கடையில பால் இல்லாத ஐஸ்கிரீம் விக்கிது."

"கடைச் சாமானா? அன்னிக்குத் தப்புப் பண்ணது என் கை. இன்னிக்கும் என் கையாலதான் அவரு வாய் இனிக்கணும்!"

பழங்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். தோல் கழன்றது. கூடவே பாதிப் பழமும் கூழாகக் கழன்றது. மிச்சத்தை மாம்பழத்தோடு பிளெண்டரில் போட்டு அமுக்கினார். பிளெண்டர் இரண்டு தடவை உறுமிவிட்டுப் புகைந்தது.

"அது எங்கம்மா குடுத்தது," என்றாள் ஜெகதீஸ்வரி. பிளக்கைப் பிடுங்கினாள்.

"மெஷினே வேணாம். கையாலயே செய்யலாம்!"

முள்கரண்டியால் எல்லாவற்றையும் மசித்துத் தேங்காய்ப் பால் ஊற்றி டப்பாவில் அடைத்தார். பையில் ஐஸ் கட்டியும் கல் உப்பும் கொட்டி, டப்பாவை உள்ளே வைத்து, கூடத்தில் அரை மணி நேரம் குதித்துக் குலுக்கினார். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

திறந்து பார்த்தால் டப்பாவின் மூடி எப்போதோ கழன்றிருந்தது. தனுஜா நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அப்பா, கடல் தண்ணிப்பா."

"சர்க்கரை போட்டா சரியாப் போயிடும்லா!"

அரைக் கிலோ போட்டார். உப்பு அசையவில்லை. எலுமிச்சை பிழிந்தார். இப்போது அது ஊறுகாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் எங்கோ நின்றது. இறுகவும் இல்லை. காலையிலிருந்து திறந்து திறந்து மூடியதில் வீட்டுப் பிரீசரும் குளிர்ச்சியை விட்டிருந்தது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். வீட்டிலேயே சம்பால் செய்து விற்கிற சலேஹா கதவைத் திறந்தாள்.

"வைங்கண்ணே, பிரீசர்ல எடம் இருக்கு. பெலாச்சான் பாக்கெட்டெல்லாம் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க."

மூடி சரியாகப் பொருந்தாத டப்பா, மூக்கைத் துளைக்கும் இறால் விழுதான பெலாச்சானோடு ஒன்றரை மணி நேரம் குடித்தனம் செய்தது.

நான்கு மணிக்கு நல்லமுத்து மனைவி நவமணியோடு வந்து உட்கார்ந்தார். "சௌக்கியமா சார்?" என்றார். அந்த 'சார்' சுகுமாரன் நெஞ்சில் குத்தியது. இருவருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் கிண்ணத்தை நீட்டினார்.

"ஒரு சொட்டுப் பால் இல்லீங்க. முழுக்க முழுக்க என் கையால செஞ்சது!"

நல்லமுத்து ஒரு கரண்டி வாயில் போட்டார். தாடை அசைந்தது, பிறகு நின்றது. கண் கலங்கியது. அதைப் பார்த்த நவமணி தன் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். ஜெகதீஸ்வரி கறிவேப்பிலைப் பையைத் தேடினாள்.

ஆள் உருகிப்போய்விட்டார் என்று சுகுமாரன் நினைத்தார். இன்னொரு பெரிய உருண்டையை அள்ளிக்கொண்டு நெருங்கினார்.

"கூச்சப்படாதீங்க, இன்னும் நெறைய இருக்கு!"

நல்லமுத்து இரண்டு கைகளாலும் கிண்ணத்தை மூடிக்கொண்டார்.

"வேணாம் சம்பந்தி, வேணாம்! எனக்குப் பால் நல்லாவே ஆகும். அன்னிக்குக் குடுத்தீங்களே, அந்தத் தேயவே ஒரு கிளாஸ் கலக்கிக் குடுங்க!"