சிவப்புக் குமிழும் டீச்சரம்மாவின் காதும்

தலையே போனாலும் சரி, இந்த மவுஸ் சனியனை வீட்டைவிட்டே துரத்தியாக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு கட்டிவிட்டார்.

காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல. வாஷிங் மெஷின் கையேடுகளை வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பது அவர் பிழைப்பு. இணையத்தில் செஸ் ஆடுவது அவர் உயிர். இந்த முறை எப்படியோ அடித்துப்பிடித்து கிளப் போட்டியின் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் சோபா, சோபாவில் மனைவி. அந்த அம்மாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் டீச்சர். காலை வகுப்பு முடிந்தால் மத்தியானம் முழுக்க வீட்டில்தான். இவர் வலது கை மவுஸ் பக்கம் நகர்ந்தால் போதும்.

"என்னங்க, எழுதுறவருக்கு மவுஸ் எதுக்கு? குதிரை ஓட்டுறீங்களா?"

"சேச்சே, அகராதி பாக்கிறேம்மா."

"பாத்தவரைக்கும் போதும். எந்திரிச்சு துணியைக் காயப் போடுங்க."

இப்படியே எத்தனை ஆட்டம் கைநழுவிப் போயிற்று! வயிறு எரிந்தது மனிதருக்கு.

அப்போதுதான் இணைய விளம்பரம் ஒன்றில் ஒரு சின்ன கீபோர்டு கண்ணில் பட்டது. நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்புக் குமிழ். விரல் நுனியால் லேசாகத் தள்ளினால் திரையில் அம்புக்குறி ஓடும். கை இரண்டும் எழுத்துகளின் மேலேயே இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் மனுஷன் மாடாய் உழைக்கிறான் என்றுதான் தோன்றும். ஆஹா!

"மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. மவுஸே தேவையில்லாத கீபோர்டு ஒண்ணு வந்திருக்காம்."

"அச்சச்சோ! வாங்க, நானும் கடைக்கு வர்றேன்."

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் குமிழுக்குப் பதிலாக உருட்டுகிற பந்து.

"இது வேண்டாம். கை அசையறது தெரியும்... அதாவது, வலிக்கும்."

மற்ற இரண்டிலும் குமிழ் இருந்தது. ஒன்று தட்டுவதே தெரியாமல் பதுங்கிப் பதுங்கி வேலை செய்தது. இன்னொன்று ஒவ்வொரு எழுத்துக்கும் டடக் டடக் என்று ஊரைக் கூட்டியது. குமிழும் அதன் பட்டன்களும் மட்டும்தான் அதில் வாய் திறக்காதவை.

"சத்தமில்லாததைக் குடுங்க," என்றார் இவர்.

"சத்தம் போடுறதையே குடுங்க," என்றாள் அவள்.

"உனக்குத் தொந்தரவா இருக்குமேம்மா?"

"எனக்கென்ன தொந்தரவு? நாள் முழுக்க டைப்ரைட்டருங்க நடுவுல நிக்கிறவ நான். நீங்க ஆசை தீரத் தட்டுங்க."

குமிழ் கிடைத்தால் சரி, சத்தம் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்டம் தொடங்கியது. குமிழைத் தள்ளினார், சிப்பாய் நகர்ந்தது. கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க, கை ரெண்டும் கீபோர்டு மேலதான் இருக்கு. சத்தத்தைக் காணோமே?"

"யோசிக்கிறேம்மா."

"துணி துவைக்கிற மெஷினுக்கு அப்படி என்ன யோசனை?"

அதற்கெல்லாம் அசருகிற ஆளா இவர்? இடது கையால் கன்னாபின்னாவென்று தட்டிக்கொண்டே வலது விரலால் குதிரையைத் தாவவிட்டார். டடக் டடக் டடக்.

"ஒரு கைச் சத்தம்தான் கேக்குது. இன்னொரு கை எங்க மேயுது?"

அடக் கடவுளே! எத்தனை பேர் விரலைக் கேட்டுப் பழகிய காது! வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் தட்டினார். ஆட்டம் அப்படியே நின்றது. திரையில் அவருக்கான ஆட்டக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; அந்த நேரம் தீர்ந்தால் தோல்விதான். தட்டினார், தட்டினார், விரல் வீங்கத் தட்டினார்.

பின்னாலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

திரும்பிப் பார்த்தார். டீச்சரம்மா சோபாவில் கண்ணயர்ந்துவிட்டாள். அவருக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரமே பாக்கி. ராணியை ஒரு கட்டம் தள்ளினால் போதும், எதிராளி கதை முடிந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழில் விரலை வைத்தார்.

குறட்டை நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். நின்னா பட்டுன்னு முழிப்பு வந்துடுது."

மொழிபெயர்ப்பாளர் ராணியை நட்டாற்றில் விட்டுவிட்டு, வாஷிங் மெஷினின் கதவைத் திறப்பது எப்படி என்று தட்ட ஆரம்பித்தார்.