மேற்குக் காற்று அதிகாரி

உலகத்தில் கோப்புச்சாமி என்றொரு இனம் உண்டு. ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத் திட்டம் ஒன்றை வண்ணத்தில் அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, மேசைமேல் வைத்திருப்பதை விரலால் தட்டிக் காட்டும். படித்தீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபம் வரும்.

நம்ம சாமி ஒரு குளோரின் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அவருடைய திட்டப்படி காற்று மேற்கிலிருந்துதான் வீசும். ஆகவே வாயு கசிந்தால் எல்லாரும் மேற்கு வாசலில் கூட வேண்டும். போட்டோ எடுக்க அங்கேதான் வெளிச்சமும் நன்றாக விழும். வருடா வருடம், முன்கூட்டியே அறிவித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு வரச்சொல்லி ஒத்திகை நடத்துவார். முகமூடிகள் பிளாஸ்டிக் உறையோடு போய் உறையோடு திரும்பி வரும். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பையைக்கூட, வெயிலில் வெளுக்கிறதே என்று கழற்றி, சலவை செய்து, தன் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஏட்டுச் சுரைக்காய்க்கு வேலியும் போட்ட மகான்!

ஆலையில் குழாய்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் மட்டும் இதைச் சும்மா விடவில்லை. அவர் மனைவிக்கு மேற்கு வாசலை ஒட்டிய பேக்கிங் கூடத்தில் வேலை. ஏழு மாத கர்ப்பம் வேறு.

“சார், மழை சீசன்ல காத்து கிழக்கேருந்து அடிக்குது. மேற்கு கேட்டுக்கு ஓடினா வாயுவும் நம்ம பின்னாடியே வரும்.”

“திட்டத்துல மேற்குக் காத்துனு போட்டாச்சுப்பா. மேலிடத்துல கையெழுத்தும் ஆயாச்சு.”

“அது காத்துக்குத் தெரியுமா சார்? அந்தத் துணிப்பையையாவது கட்டி விடுங்க.”

“பத்திரமா இருக்குப்பா. நீ எழுதிக் குடு, அடுத்த வருஷம் பாக்கலாம்.”

குழாய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. மேகம் மூடிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் இணைப்பு விட்டுப்போய் வாயு கசிந்தது. சங்கு ஊதியது. கூட்டம் பழக்கதோஷத்தில் மேற்கே திரும்பியது. பிட்டர் கம்பத்தைப் பார்த்தார், மொட்டை. கை துடைக்கும் துணியை உயர்த்திப் பிடித்தார். அது மேற்கு நோக்கிப் படபடத்தது.

“மேற்கே போகாதீங்க! எல்லாரும் வடக்குக் கதவுக்கு ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே போய், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துவந்தார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் ஓடிப் பிழைத்தது.

ஒரே ஒருவர்தான் திட்டப்படி நடந்தார். மேற்கு வாசலில் தன்னந்தனியாக, வருகைப் பதிவேட்டை விரித்து, கையில் உறை பிரிக்காத முகமூடியோடு இருமிக்கொண்டிருந்தார். பிட்டர்தான் இன்னொரு முகமூடியின் உறையைக் கிழித்து மாட்டிக்கொண்டு போய் அவரைத் தூக்கிவந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சாமி செய்த முதல் வேலை, பிட்டருக்கு மெமோ கொடுத்தது. குறித்த இடத்தில் கூடவிடாமல் ஊழியர்களைத் திசைதிருப்பியது ஏன்? முகமூடி உறையைக் கிழித்தது யார் அனுமதியில்? மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம். வெட்கங்கெட்ட ஜென்மம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே, சமையலறையில் தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய பின்கதவின் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பத்திரமாக இருக்கிறதா?