சீப்புக்கும் வாளிக்கும் நடுவே ஒரு தூக்கம்

கண் சொருகப் போகிற நேரம் பார்த்து, சன்னலுக்கு நேர் கீழே சீப்புக் கட்சியின் பிரச்சார வண்டி வந்து நின்றது.

“வாக்காளப் பெருமக்களே! துரோகியை விரட்டிடச் சீப்புக்கே வாக்களியுங்கள்!”

ரொட்டிக்காரர் தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் வெந்துவிட்டு, காலையில் வந்து படுக்கிற மனிதர். போன வாரம் வேலையில் அசந்துபோய், ஒரு அடுப்பு ரொட்டியைக் கரியாக்கிவிட்டார். “இன்னொரு தடவை கருகினா, நீங்க வீட்லயே படுத்துத் தூங்கிக்கலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் தூங்க முடியாததுதான் பிரச்சினையே என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

சீப்பு நகர்ந்ததும் வாளிக் கட்சி வந்தது. “துரோகிகளின் கூடாரத்தைக் கலைத்திட வாளிக்கே வாக்களியுங்கள்!”

யார் துரோகி என்று விசாரித்தால் வயிறுதான் எரியும். சீப்பில் நின்று ஜெயித்த எம்.பி., பாதியில் வாளிக்குத் தாவினார். பதவியை ராஜினாமா செய்தார். அதே பதவிக்கு இப்போது வாளியில் நிற்கிறார். அதில் கோபித்துக்கொண்ட வாளிக்காரர் ஒருவர் சீப்புக்குப் போய், அவரை எதிர்த்து நிற்கிறார். இந்த இரண்டு உத்தமர்கள் இடம் மாறி உட்காருவதற்கு ஒரு இடைத்தேர்தல்! இதற்காக ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கூடப் பிறந்தவர்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வாளிக்காரர் முடிவெட்டப் போனால், சலூன்காரர் வெறும் கையால்தான் தலையைக் கோதிவிட வேண்டும்.

ரொட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார். மறுபடி வந்து நின்ற சீப்பு வண்டியில், மைக் பிடித்திருந்தவரிடம் கையைக் கூப்பினார்.

“அண்ணே, நைட் டூட்டி பாக்கிறேன். கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க.”

“வாளிக்காரன்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப நீங்க வாளி!” என்ற மைக்காரர், சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ரொட்டிக்காரரின் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. “என்னங்க, பேசாம சீப்புக் கொடியைக் கட்டிவிடுங்க. நம்ம ஆளுன்னு சீப்பு விட்டுடும். இவன் தேற மாட்டான்னு வாளியும் விட்டுடும்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொடியைக் கட்டினார். சீப்பு வண்டி நின்று, “இதோ, எங்கள் கொள்கைச் சிங்கம் வாழும் வீடு!” என்று அவரை வாயார வாழ்த்திவிட்டுப் போனது. பின்னாலேயே வந்த வாளி, “கொள்கைச் சிங்கமே, குகையை விட்டு வெளியே வா!” என்று அதைவிட அதிக நேரம் அழைத்தது.

சிங்கத்துக்குக் கொட்டாவி வந்தது. மறுநாள் பக்கத்திலேயே வாளிக் கொடியையும் கட்டினார். அவ்வளவுதான், இரண்டு வண்டியும் ஒன்றாக வந்து, “அவன் கொடியை இறக்கு” என்று ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தின. தொண்டை கட்டிப் போனவர்களுக்கு ரொட்டிக்காரர் வீட்டிலிருந்தே வெந்நீர் போனது.

“பாவம், தொண்டை வத்திக் கிடக்கு” என்றாள் மனைவி.

“வத்தட்டும்! அடியோட வத்திப் போகட்டும்!” என்று அலறினார். இரண்டு கொடியையும் பிய்த்தெறிந்தார். ஒரு அட்டையை எடுத்து, ‘துக்க வீடு. அமைதி காக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டு, போய்ப் படுத்தார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கட்சியும் ஆளுக்கொரு மலர்வளையத்தோடு வாசலில் நின்றன. இரண்டு வண்டியிலும் சோக இசை காதைக் கிழித்தது.

“யாருங்க தவறிட்டாங்க?” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார் சீப்பு மைக்காரர்.

தூக்கக் கலக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னார் ரொட்டிக்காரர். “மாமனார்.”

“எப்போ?”

“இப்பத்தான்...”

“மாப்ளே, சோப்பு தீர்ந்துபோச்சு!” என்றபடி ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து வந்தார் மாமனார். வாசலில் இருந்த மலர்வளையங்களைப் பார்த்து, “யாருக்குப்பா இது?” என்றார்.

மைக்காரர்களுக்கு மூச்சுத் திரும்ப ஒரு நொடிதான் ஆனது. “உயிரோடு இருக்கும் பெரியவருக்கு நாள் குறித்த வாளியே!” என்று ஒருவர் தொடங்க, “சாகாதவருக்கு மாலை கொண்டுவந்த சீப்பே!” என்று மற்றவர் முழங்க, தெருவே கூடிவிட்டது.

உள்ளே வேறொரு பொதுக்கூட்டம். “எங்கப்பாதான் கிடைச்சாரா உங்களுக்கு? உங்கப்பாவைச் சொன்னா என்ன?”

“எங்கப்பாதான் எப்பவோ செத்துட்டாரே!”

“அப்ப பொய்யாவது இல்லாம இருந்திருக்கும்ல!”

அன்றைய ரொட்டி மொத்தமும் கருகியது. முதலாளி திட்டக்கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

காலையில் சட்டையெல்லாம் புகை நாற்றத்தோடு ரொட்டிக்காரர் தெருவுக்குள் நுழைந்தபோது, இரண்டு வண்டியும் அவர் வீட்டு வாசலில் மூக்கோடு மூக்கு முட்டி நின்று கத்திக்கொண்டிருந்தன. சத்தமே இல்லாத தெரு என்று தரகர் சொன்னதை நம்பி, போன வருடம்தான் இங்கே குடி வந்திருந்தார். பொறுத்தது போதும் என்று தோன்றியது. இரண்டு வண்டிக்கும் நடுவில் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“யோவ்! என் தூக்கம் போச்சு! வேலை போச்சு! என் பொண்டாட்டி என்கூடப் பேசி ஒரு நாளாச்சு! நீங்க கட்சி மாறுவீங்க, கூத்தடிப்பீங்க, நாங்க காதைப் பொத்திக்கிட்டு ஓட்டுப் போடணுமா? நல்லாக் கேட்டுக்கங்க. என் வீட்ல மூணு ஓட்டு. மூணுல ஒண்ணுகூட உங்க ரெண்டு பேருக்கும் விழாது! நீங்க தோக்கிறதை நான் கண்ணாலே பாக்கணும்!”

தெரு கை தட்டியது. மைக்காரர்கள் இருவரும் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டார்கள். ரொட்டிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேலை போனால் போகட்டும், இந்த ஆத்திரத்தை ஓட்டுப்பெட்டியில் கொட்டினால் போதும் என்றிருந்தது.

சீப்பு வண்டியின் டிரைவர் மெதுவாக இறங்கி வந்து, அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. மைக் பிடிக்கிறவங்க வெளியூரு, அவங்களுக்குத் தெரியாது. உங்க தெரு பக்கத்துத் தொகுதி, இந்தத் தேர்தல்ல உங்களுக்கு ஓட்டே கிடையாது. அந்தப் பக்கம் பூரா சந்துங்க, வண்டி திரும்பாது... நாங்க ரிவர்ஸ் எடுக்கத்தான் இங்க வர்றோம்.”