டூட்டி அங்கிள் போட்ட பட்டியல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுவதிலும், பிறந்த குழந்தையைப் பார்த்ததும் அதன் முதுமையை நினைத்துக் கவலைப்பட்ட ஒரே மனிதர் டூட்டி அங்கிள்தான்.

ரயில்வேயில் ஊழியர்களுக்கு டூட்டி போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். 1980களில் எங்கள் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். தொட்டிலை எட்டிப் பார்ப்பார். "ஒரே பிள்ளையா? வயசானா இத யாரும்மா பார்ப்பா?" பெற்றவள் முகம் சுருங்கிவிடும். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "மாடி வீடு வாங்காத தம்பி, முட்டி வலி வந்தா ஏற முடியாது" என்பார். அவர் தலையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு.

மூன்றாம் மாடி முத்தம்மா வழுக்கி விழுந்து படுக்கையானார். மகள் செல்விக்குத் தொழிற்சாலையில் வேலை. ஆள் வைத்துப் பார்க்கச் சம்பளம் போதாது. வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை.

"வேலைய விட்டுடுறேன் அங்கிள்" என்று அழுதாள்.

"விடாத. பகல்ல பத்து மணி நேரம்தானே? பன்னிரண்டு வீடு இருக்குல்ல!"

மறுநாளே படிக்கட்டுச் சுவரில் பட்டியல் ஒட்டினார். குளிப்பாட்டப் பெண்கள், மருந்து வாங்க நான். லோரி ஓட்டும் மணி, "எனக்கு ஒண்ணும் தெரியாது லா" என்று நழுவப் பார்த்தான்.

"பேப்பர் படிப்பியா?"

"படிப்பேன்."

"சத்தமாப் படி."

மணி மரண அறிவித்தல்களிலிருந்துதான் தொடங்குவான். முத்தம்மாவுக்கு அதுதான் உயிர். "இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் போகலையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்.

கீழ்வீட்டுத் துணிக்கடைக்காரர் மட்டும், "எனக்குப் பதிலா வேலைக்காரன அனுப்புறேன்" என்றார்.

"சரி. நீ படுத்தாலும் நாங்க வேலைக்காரனத்தான் அனுப்புவோம்."

மறுநாள் அவரே கஞ்சிச் சட்டியோடு படியேறினார்.

நான்கு வருஷம் கழித்து முத்தம்மா நிம்மதியாகக் கண்மூடினார். செல்வி கடைசிவரை வேலையை விடவில்லை.

பிறகு டூட்டி அங்கிளுக்கே வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. செல்வி புதுப் பட்டியலோடு வந்தபோது, "வேணாம்மா, என்னால யாருக்கும் திருப்பிச் செய்ய முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க முன்னாலயே செஞ்சிட்டீங்க அங்கிள்" என்று அவள் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள்.

அவருக்குச் சவரம் செய்வது என் வேலை. புதன்கிழமை மட்டும்தான் என் முறை. சனிக்கிழமையும் போய்விடுவேன். "இன்னிக்கு உன் டூட்டி இல்லையே" என்று முறைப்பார். முறைத்துக்கொண்டே கன்னத்தைக் காட்டுவார்.