மாதவிக்கு நடுவில் ஒரு கோடு

அரசாங்கம் என்றால் ஒழுங்கு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. என் அக்கா மகள் மாதவி சட்டப் படிப்பை முடிக்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி: அரசாங்க அலுவலகம் ஒன்றில் பத்து வாரப் பயிற்சி. அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. கோலசிலாங்கூர் பக்கம் ஓர் அலுவலகத்தின் சட்டப் பிரிவு ஆள் எடுத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் கடிதம் வரும்.

ஆன்லைன் பாரத்தில் 'மாதவி ஏ/பி நடராஜா' என்று தட்டினாள். நடராஜாவின் மகள் என்பதை மலாயில் அப்படிச் சுருக்கி, பிறந்தபோதே ஐசி என்கிற அடையாள அட்டைக்காரர்கள் போட்டுக் கொடுத்த கோடு அது. சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினாள். பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று மறுநாள் பதில் வந்தது.

எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானிலிருந்து என் வேனிலேயே அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் நம்ம ஆள், லோகேஸ்வரன்.

"ஸ்லேஷ் போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. போடலன்னா நீ வேற ஆளு," என்றார்.

"அப்ப நான் என்னதான் செய்றது சார்?"

"ரெண்டு பேரும் மனு போடுங்க. ஸ்லேஷ் இல்லாதவ ஆன்லைன்ல, இருக்கிறவ தாள்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பேர்லயும் ஸ்லேஷ் இருக்குமே?"

"நான் தாள் காலத்துல சேர்ந்தவன்லா," என்றார் அமைதியாக.

இரண்டு மனுவும் தேறின. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் இரண்டு மாதவி இருந்தார்கள். கோடு இல்லாத மாதவி வந்து உட்கார்ந்தாள். கோடு உள்ளவள் வரவில்லை.

"ரெண்டு கையெழுத்தும் நானே போட்டுடுறேன் சார்," என்றாள் இவள்.

"அது ஆள்மாறாட்டம்மா. சட்டம் படிக்கிற பிள்ளை இப்படிப் பேசலாமா?" என்றார் லோகேஸ்வரன்.

மூன்றாவது வாரம், வராதவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு சட்டப் பிரிவுக்கு வந்தது. சட்டப் பிரிவில் சும்மா இருந்தவள் மாதவி ஒருத்திதான். எழுதினாள். விளக்கத்தையும் அவளே கொடுத்தாள். சம்பந்தப்பட்டவர்தான் பதில் தர வேண்டும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். எட்டாவது வாரம் நீக்கக் கடிதத்தையும் அவளே தட்டச்சு செய்தாள். வார்த்தை சுத்தம் என்று பெரிய அதிகாரியே பாராட்டினாராம்.

பத்து வாரம் முடிந்ததும் வந்தவளுக்கு 'சிறந்த பயிற்சியாளர்' சான்றிதழ் கொடுத்தார்கள். பெயர் பொருந்தவில்லை என்று பல்கலைக்கழகம் அதைத் திருப்பி அனுப்பியது. நாலு வருஷம் படித்த பிள்ளை என் வேனில் உட்கார்ந்து அழுதாள். கையிலிருந்த அரசாங்கத் தாள் இன்னும் ஒன்றே ஒன்று. வேறு வழியில்லாமல் நீக்கக் கடிதத்தை அனுப்பினாள்.

பெயர் சரி, கோடு சரி, அரசாங்க முத்திரையும் இருக்கிறது. பயிற்சி உறுதி செய்யப்பட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது அவர்கள் பிரிவின் வேலை இல்லையாம்.

மாதவி வக்கீலாகிவிட்டாள். மண்டபம் எடுத்து விருந்து வைத்தோம். ரவாங்கில் பேனர் அடித்துக்கொண்டு வந்தது நான்தான். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவள் உள்ளே வரவில்லை.

"கோடு விட்டுப்போச்சு. பேரு ஐசியோட பொருந்தலையே மாமா," என்றாள். சிரிக்கவில்லை.

"இப்ப என்னம்மா செய்றது?"

"அந்தப் பொண்ணும் நானும் ஒரே ஆளுன்னு சத்தியப் பிரமாணம் எடுத்துட்டு வாங்க. இல்லன்னா ரெண்டு விருந்து வைங்க."

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. விருந்துக்கு வந்த நூறு பேரும் அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேர் மட்டும், நம்பர் எங்கே எடுப்பது என்று என்னிடம் விசாரித்தார்கள்.